சுவாமேயில் ஓர் உலோகக் கல்யாணம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவாமேயில் ஒரு நட்டு வாங்க முடியாது. குமாசி நகரத்தில் ஓடுகிற வண்டி, ஓடாத வண்டி எல்லாமே ஒரு முறையாவது வந்து படுத்துவிட்டுப் போகிற இடம் இது. எஞ்சின் பிரிப்பவர், கியர்பாக்ஸ் கோர்ப்பவர், டிங்கர் தட்டுபவர், என்னைப் போல் பழைய பிஸ்டனை உருக்கி அலுமினியப் பானை வார்ப்பவர் என்று ஆயிரக்கணக்கானோர் வாரத்தில் ஆறு நாள் கிரீஸில் குளிக்கிறோம். ஏழாம் நாள் ஓய்வெடுக்கச் சொல்கிறது வேதம். சுவாமே ஓய்வெடுப்பதில்லை. தீர்க்கதரிசி ஒபிரியின் கொட்டகைக்கு ஓடுகிறது.

கொட்டகையின் பெயர் இணைப்பின் அக்கினி ஆலயம். வாசலில் பெரிய பேனர். ஒபிரி வெள்ளை அங்கியில் நிற்கிறார். ஒரு கையில் வேதம், மறு கையில் இடுக்கி. ‘மனிதரால் சேராதது இங்கே சேரும்’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, காணிக்கையைக் கைபேசியில் அனுப்ப வேண்டிய எண். வாசகத்தைவிட எண்ணின் எழுத்து பெரியது. தேவனுக்குக் கண் மங்கியிருக்கலாம்.

ஏழு மணிக்கே இடம் நிரம்பிவிடும். எட்டு மணிக்குச் சுவர் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். ஒபிரி வருவதற்குள் நான்கு பேர் சாட்சி சொல்லி முடித்திருப்பார்கள். ஒருத்திக்குக் கணவன் திரும்பி வந்தான். ஒருவனுக்கு விசா வந்தது. இன்னொருவனுக்கு விசாவும் வந்து மனைவியும் போனாள். அவன் இரண்டுக்கும் நன்றி சொன்னான்.

அற்புதம் இதுதான். அலுமினியமும் ஈயமும், அதாவது காரீயமும், சேராத உலோகங்கள். இரண்டையும் உருக்கி ஒன்றாக ஊற்றினாலும் ஈயம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அலுமினியம் மேலே மிதக்கும். எண்ணெயும் தண்ணீரும் மாதிரி. பானை வார்க்கிற எவனுக்கும் இது தெரியும். ஒபிரிக்கும் தெரியும். தீர்க்கதரிசி ஆவதற்கு முன்னால் பத்து வருஷம் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கியவர் அவர். அப்படிப்பட்ட இரண்டு உலோகங்களைத் தேவன் தன் கையால் இணைக்கிறார், அதே போல ஒத்துப்போகாத புருஷனையும் பெண்சாதியையும் இணைப்பார் என்பது அவருடைய பிரசங்கம்.

வீட்டில் சண்டை என்றால் மனைவி சமைக்கும் பானையின் மூடியைக் கொண்டுவர வேண்டும். அது மனைவியின் உலோகம். கணவனின் உலோகம் ஈயம். சக்கரம் உதறாமல் ஓட விளிம்பில் மாட்டுவார்களே, விரல் நீள வீல் வெயிட், அது. ஆனால் அதை வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. மூன்று நாள் உபவாசமிருந்து, அபிஷேக எண்ணெய் பூசி, தங்க நிறத்தில் பெயின்ட் அடித்து ஆலயமே கொடுக்கும். மனைவி அதைத் தன் கையால் வாங்கி, உருகுகிற மூடித்துண்டோடு போட வேண்டும். களிமண் பூசிய இரும்புக் குவளை, கரி அடுப்பு, கார் ஹீட்டரிலிருந்து கழற்றிய ஊதி. பத்து நிமிஷம் ஜெபம். அப்புறம் குவளையைக் கல்லில் கவிழ்ப்பார்.

ஒரே கட்டியாக விழுந்தால் கல்யாணம் நிலைத்தது. கைதட்டல், டிரம்ஸ், இரண்டாம் காணிக்கை.

விழும்போது அடியிலிருந்து வெள்ளிக் கண்ணீர் போல் ஏதாவது ஒழுகினால் தொலைந்தது. அலுமினியம் இறுகிய பிறகும் ஈயம் கொஞ்ச நேரம் தண்ணீராகவே இருக்கும், அதுதான் ஒழுகுகிறது. ஒபிரி வேறு விளக்கம் சொல்வார். ஒழுகுவது கணவனின் அதிர்ஷ்டம். ஒழுகவிட்டவள் மனைவி. ஆகவே அவள் சூனியக்காரி. ஒருவேளை அலுமினியம் ஒழுகி ஈயம் நின்றிருந்தால்? அப்போது மனைவி புருஷனை விட்டு ஓடுகிறாள் என்று சொல்லியிருப்பார். பெண்ணுக்குக் குற்றம் கண்டுபிடிக்க உலோகவியல் தேவையில்லை.

சூனியக்காரிகளுக்கு ஒபிரி ஊருக்கு வெளியே ஒரு ஜெப முகாம் வைத்திருந்தார். பேய் இறங்கும் வரை அங்கே இருக்க வேண்டும். காலில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் பழைய லாரி எஞ்சின் பிளாக். முதலில் போனவள் ஒரு வெல்டரின் மனைவி. மூன்று மாதம் கழித்துத் திரும்பினாள். தலை மழித்திருந்தது. பேச்சு நின்றிருந்தது. பேய் போய்விட்டது என்று சாட்சி சொன்னது அவள் இல்லை, அவள் கணவன்.

இதில் ஒரு விநோதம் உண்டு. டயர் மொத்த வியாபாரி, பழைய கார் இறக்குமதி செய்பவர், இரண்டு மாடி கட்டியவர், இவர்களுடைய ஈயம் ஒரு முறைகூட ஒழுகியதில்லை. வாடகை வேன் ஓட்டுபவன், வெல்டிங் அடிப்பவன் ஈயம் அநேகமாக ஒழுகியது. தேவன் மாடியை எண்ணிப் பார்த்துத்தான் உலோகம் கலக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய விநோதம் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். சுவாமேக்காரன் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டான். பிஸ்டனைச் சுத்தியலால் தட்டிக் காதருகே வைப்பான். பிரேக் டிரம்மைத் தொங்கவிட்டுத் தட்டுவான். விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். தேங்காய் வாங்கும்போதும் தட்டுகிறவர்கள். மாமியார் கொடுத்த கடிகாரத்தைத் தட்டிப் பார்த்து ஒருவன் அடி வாங்கியிருக்கிறான். அப்படிப்பட்ட முந்நூறு பேர் கொட்டகைக்குள் நுழையும்போது செருப்போடு காதையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் போவதில்லை. பக்தி இல்லாதவன் என்று சொல்வார்கள். என் மனைவி அப்ராஃபிக்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அங்கே இறந்துபோனாள். ஏழு மாதம் ஆகிறது. எனக்கு ஆஸ்பத்திரி மீதும் பெரிய பக்தி கிடையாது. ஆனால் அங்கே யாரும் என்னிடம் பானை மூடி கேட்கவில்லை.

அப்ராஃபியின் அக்கா கொனாடு. நான் வார்க்கும் பானைகளைச் சந்தையில் விற்பவள். தங்கை இறந்த பிறகு தினமும் மதியம் என் உலைக்கருகே ஒரு கிண்ணம் ஃபுஃபுக் களியும் சூப்பும் வைத்துவிட்டுப் போவாள். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள். மறுநாள் கிண்ணம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகவில்லை. நின்றாள்.

“தம்பி, என் பானை மூடியைக் கேட்டுட்டாங்க.”

அவள் கணவன் பொன்சு வாடகை வேன் ஓட்டுகிறான். வண்டியின் பின்புறம் ‘பொறாமைக்காரர் அழிவார்’ என்று எழுதி வைத்திருக்கிறான். அந்த வருஷம் கியர்பாக்ஸ் இரண்டு முறை உடைந்தது. காரணம் எனக்குத் தெரியும், ஆயில் மாற்றவே இல்லை. பொன்சுவின் தங்கை டூஃபியேவுக்கு வேறு காரணம் தெரியும். அண்ணி என் அண்ணனின் அதிர்ஷ்டத்தைத் தின்கிறாள் என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை, அதையும் தின்றுவிட்டாளாம். பொன்சு முதலில் சிரித்தான். மூன்றாவது முறை கியர் விழாமல் நின்றபோது சிரிக்கவில்லை. அவள் பானை மூடியை எடுத்து ஆலயத்தில் கொடுத்துவிட்டு வந்தான். வரும் ஞாயிறு முறை.

போகாதே என்றேன். என் வீட்டில் வந்து இரு என்றேன்.

“ஓடிப்போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம் சந்தையில எவ எங்கிட்ட பானை வாங்குவா? சூனியக்காரி பானையில எவ சோறாக்குவா?”

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் உலோகவியல் படித்தவன் நான். செய்து காட்டலாம் என்று தோன்றியது. உடைந்த பானைத் துண்டு ஒன்றையும் பேட்டரி ஈயத் துண்டு ஒன்றையும் குவளையில் போட்டு உருக்கினேன். கவிழ்த்தேன். ஒழுகியது. இன்னொரு முறை உருக்கிக் கம்பியால் கலக்கு கலக்கு என்று கலக்கினேன். கவிழ்த்தேன். ஒழுகியது.

சேர்க்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். எடையே இல்லாத விண்வெளியில் கொண்டுபோய் உருக்கிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் மாவாக்கி, இரும்புக் குண்டுகளோடு உருளையில் போட்டு, நாள் கணக்கில் இடிக்க விட்டால் ஓரளவு சேரும். அதற்கு ஆய்வகம் வேண்டும், பொறுமை வேண்டும். கரி அடுப்பும் அல்லேலூயாவும் போதாது. கொனாடுவிடம் இதைச் சொன்னேன்.

அவள் கல்லில் உறைந்துகொண்டிருந்த ஈயத்தைப் பார்த்தாள். “அப்போ எல்லாருக்கும்தான் ஒழுகணும்.”

“ஆமா.”

“டயர்க்கடைக்காரருக்கு ஒழுகலையே. நான் பாத்தேன்.”

“நானும் கேள்விப்பட்டேன்.”

“எப்படி?”

“தெரியல.”

“மூணு வருஷம் என்னத்தைப் படிச்சே?”

அந்தக் கேள்வியோடு டாங்கோவின் பஞ்சர் கடைக்குப் போனோம். டாங்கோ வடக்கிலிருந்து வந்தவன், தொழுகைக்கு மசூதிக்குப் போகிறவன், ஒபிரியின் கொட்டகைக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீல் வெயிட் சுவாமேயில் அவனிடம்தான் மலையாகக் கிடக்கும். கப்பலில் வருகிற பழைய சக்கரங்களிலிருந்து கழற்றிப் போடுவான். மீன் வலைக்குக் குண்டு வார்க்கிறவர்கள் வந்து ஈயத்தைப் பொறுக்கி எடுத்துப் போவார்கள்.

ஆலயத்துக்கு வெயிட் நீதான் கொடுக்கிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். அதில் என்ன விசேஷம் என்று கேட்டேன். அவன் ஒரு டின்னிலிருந்து இரண்டு வெயிட்டை எடுத்தான். இரண்டும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். ஒன்றைத் தரையில் போட்டான். சேற்றில் விழுந்த மாதிரி ‘தொப்’. மற்றதைப் போட்டான். ‘கிணீர்’ என்றது.

“இது ஊமை, இது பாடகன். முன்ன வந்ததெல்லாம் ஊமைதான், ஈயம். இப்போ வெளிநாட்டுல ஈயம் கூடாதுன்னுட்டாங்களாம், பாடகனா வருது. இதை எந்த மீன்காரனும் தொட மாட்டான். குப்பையில கொட்டிக்கிட்டிருந்தேன். உங்க தீர்க்கதரிசி ஆள் அனுப்பி, ‘பாடுறதும் வேணும், ஊமையும் வேணும், தனித்தனிப் பையில போடு’ன்னு வாங்கிட்டுப் போறார். சபையில பாட்டுக்காரங்க குறைச்சல்போலன்னு நெனச்சேன்.”

அந்தப் பாடகனை எடுத்துப் பார்த்தேன். துத்தநாகம். அலுமினியமும் துத்தநாகமும் குழந்தைப் பருவத்திலிருந்தே கூட்டாளிகள், உருக்கினால் கட்டிப்பிடித்துக்கொள்ளும். தேவன் வர வேண்டியதில்லை. தங்கப் பெயின்ட் எதற்கு என்பதும் விளங்கியது. ஒரு கிண்ணத்தில் துத்தநாகம், ஒரு கிண்ணத்தில் ஈயம், மேலே ஒரே பெயின்ட். காணிக்கையைப் பார்த்துக் கிண்ணம்.

டாங்கோ என்னைப் பார்த்துத் தலையாட்டினான். “மாஸ்டர், உங்க காலேஜ்ல பஞ்சர் ஒட்டச் சொல்லித் தரலையா?”

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை டாங்கோ சரக்குக் கொடுக்கும்போது பையை மாற்றிவிட்டால் போதும். ஈயம் என்று துத்தநாகம் போகும். கொனாடுவின் கட்டி ஒழுகாது. சத்தமில்லாமல் முடிந்துவிடும். டாங்கோவுக்கும் பிடித்திருந்தது.

கொனாடு கேட்டாள்: “எனக்கு முன்னாடி யாரு முறை?”

அசிபே. உதிரிபாக இறக்குமதிக்காரர். அவரும் மனைவியும்.

“பையை மாத்தினா அந்தம்மாவுக்கு ஒழுகும். அவங்களை முகாமுக்கு இழுத்துக்கிட்டுப் போவாங்க. நான் வீட்டுல உக்காந்து சூப் வைப்பேன். அப்படித்தானே தம்பி?”

பணக்கார வீட்டுப் பெண்ணைச் சங்கிலியில் போட மாட்டார்கள் என்றான் டாங்கோ.

“போட்டா?”

அவன் வெயிட்டை டின்னில் போட்டுவிட்டான்.

அவளே சொன்னாள். பை மாற வேண்டாம். வெயிட்டை மனைவிதான் கையால் வாங்கிப் போட வேண்டும் என்பது ஒபிரி வைத்த சட்டம். அப்படியானால் ஒரு நிமிஷம் அது அவள் கையில் இருக்கும். அவளுக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாகக் கொட்டகைக்குப் போனேன். டாங்கோவும் வந்தான், அவன் தொப்பியைப் பார்த்து இரண்டு பேர், மந்தையில் புது ஆடு வந்திருக்கிறது என்று மகிழ்ந்தார்கள். பொன்சு முன்வரிசையில் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டூஃபியே. அவள் ஒரு பையைத் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். அண்ணியின் துணிகள். முகாமுக்கு.

கொட்டகைக்கு வெளியே முகாம் வேன் எஞ்சினை அணைக்காமல் நின்றது. தீர்ப்பு வருவதற்குள் டீசல் செலவாகிக்கொண்டிருந்தது.

ஒபிரி வந்தார். குள்ளமான மனிதர், குரல் மட்டும் உயரம். முதலில் அசிபே தம்பதி. வலதுபக்கக் கிண்ணத்திலிருந்து வெயிட் வந்தது. அசிபேயின் மனைவி வளையல் குலுங்கக் குவளையில் போட்டாள். ஊதி இரைந்தது. ஜெபம் அதைவிட இரைந்தது. கவிழ்த்தார். ஒரே கட்டி. கொட்டகைத் தகரம் பறந்துவிடுமோ என்கிற அளவுக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அசிபே ஒரு உறையை எடுத்து ஒபிரியின் கால்மாட்டில் வைத்தார். அவர் அதைக் கவனிக்காதவர் போலக் கால் பெருவிரலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்தது கொனாடு.

ஒபிரி அவளுடைய பானை மூடியின் துண்டைக் குவளையில் போட்டார். அவள் வீட்டில் எத்தனை இரவு அழுகுரல் கேட்கிறது, எத்தனை கியர்பாக்ஸ் உடைந்திருக்கிறது என்று தேவன் தனக்குக் காட்டியதாகச் சொன்னார். காட்டியது டூஃபியே. இடதுபக்கக் கிண்ணத்திலிருந்து ஒரு வெயிட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

கொனாடு குவளை அருகே போகவில்லை. மைக் ஸ்டாண்டு அருகே போனாள். கையை விரித்தாள். வெயிட் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

‘தொப்.’

ஒலிபெருக்கி அதைக் கொட்டகை முழுக்கக் கொண்டுபோனது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நடுங்கிக் கை தவறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒபிரியும் அப்படித்தான் நினைத்துப் பொறுமையாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வலதுபக்கக் கிண்ணத்தில் கைவிட்டு ஒன்றை எடுத்து அதே இடத்தில் போட்டாள்.

‘கிணீர்.’

முந்நூறு மெக்கானிக்குகளின் தலை ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. ஜெபத்துக்குக் கூட அவை அப்படி நிமிர்ந்ததில்லை. ஆறு நாள் அவர்கள் சோறு தின்பது அந்தக் காதை வைத்துத்தான். கியர்பாக்ஸ் வேலைசெய்யும் ஒரு பெரியவர், ஐந்தாம் வரிசையில் இருந்தவர், எழுந்து நின்றார்.

“அம்மா, இன்னொரு தடவை போடு.”

போட்டாள். தொப். கிணீர்.

“ரெண்டும் வேற சரக்கு” என்றார் பெரியவர், பக்கத்திலிருந்தவரிடம், கடையில் பேசுகிற குரலில். அந்தக் குரல்தான் ஒபிரியை முடித்தது. கோபமான குரலாக இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

சாத்தான் கிண்ணத்துக்குள் புகுந்துவிட்டான் என்றார் ஒபிரி. எந்தக் கிண்ணத்துக்குள் என்று கேட்டாள் கொனாடு. அவர் பதில் யோசிப்பதற்குள் டாங்கோ மேலே ஏறிவிட்டான். டயர் அறுக்கும் கத்தியை எடுத்து ஊமையின் தங்கப் பெயின்ட்டைச் சுரண்டி, ஒரு ஓரத்தை வெண்ணெய் போலச் சீவிக் காட்டினான். பாடகன் மேல் கத்தி வழுக்கியது. நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. இது ஈயம், இது துத்தநாகம், துத்தநாகம் அலுமினியத்தோடு சேரும் என்று மைக்கில் சொன்னேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனாலும் நம்பிக்கை சுலபத்தில் சாகாது. டூஃபியே எழுந்து கத்தினாள்: பேய்தான் சத்தத்தை மாற்றுகிறது, நெருப்பு சொல்லட்டும். சிலர் ஆமென் சொன்னார்கள்.

கொனாடு ஒபிரியைப் பார்த்துச் சொன்னாள்: “அவ சொல்றது சரி. நெருப்பு சொல்லட்டும். என் மூடியோட அந்தம்மா கிண்ணத்து வெயிட்டைப் போடுங்க. அவங்க மூடியோட என்னதைப் போடுங்க. ரெண்டு அடுப்பு. எல்லாரும் பாக்கட்டும். யாரும் ஜெபம் பண்ணாதீங்க.”

கடைசி வாக்கியம் கொட்டகையை உலுக்கியது. ஒபிரி முடியாது என்றார், ஆலயத்தில் சோதனை கூடாது, தேவனைப் பரீட்சை பார்ப்பது பாவம் என்றார். இத்தனை மாதம் பெண்களைப் பரீட்சை பார்த்தவர். கியர்பாக்ஸ் பெரியவர் மேடையேறி ஊதியின் ஸ்விட்சைத் தானே போட்டார். பக்கத்துப் பட்டறையிலிருந்து யாரோ இரண்டாவது அடுப்பையும் குவளையையும் தூக்கி வந்தார்கள். அசிபேயின் மனைவியிடம் மூடியில் மீதித் துண்டு இருந்தது. அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அசிபே அவள் மேல்துணியைப் பிடித்து இழுத்தார். விடுங்கள் என்றாள்.

பத்து நிமிஷம். ஒரு பாட்டுக் கிடையாது. ஊதியின் இரைச்சல் மட்டும். அந்தக் கொட்டகையில் முதல் முறையாக மனிதர்கள் நிஜமாகவே எதற்காகவோ காத்திருந்ததைப் பார்த்தேன்.

பெரியவர் முதல் குவளையைக் கவிழ்த்தார். கொனாடுவின் மூடி, பாடகன். ஒரே கட்டி. சொட்டுக்கூட இல்லை.

இரண்டாவதைக் கவிழ்த்தார். அசிபேயின் இரண்டு மாடி வீட்டு மூடி, ஊமை. வெள்ளைக் கட்டி விழுந்தது. அதன் அடியிலிருந்து ஈயம் பளபளவென்று ஓடிக் கல்லின் விளிம்பில் நின்றது.

அசிபேயின் மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “இப்ப என்னையும் எஞ்சின்ல கட்டப் போறீங்களா?” அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். யாரும் அவளைச் சூனியக்காரி என்று சொல்லவில்லை. டூஃபியேகூட.

ஒபிரி பின்வாசலுக்குப் போனார். அங்கே அவருடைய கார் நின்றது. நான்கு சக்கரமும் தரையில் படுத்திருந்தன. பஞ்சர் ஒட்டத் தெரிந்தவனுக்குப் பஞ்சர் ஆக்கவும் தெரியும். போலீஸ் வரும் வரை அவரைக் காருக்குள்ளேயே உட்கார வைத்தார்கள். அவர் அங்கியைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பேட்டரி உடைக்கிற காலத்துச் சட்டைதான் உள்ளே இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை.

பொன்சு மேடைக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. “வா, வீட்டுக்குப் போகலாம்” என்றான்.

“ஒன்பது வருஷம் என் கையால சாப்பிட்டே” என்றாள் கொனாடு. “நான் யாருன்னு உனக்குத் தெரியல. ரெண்டு வெயிட்டைக் கீழே போட்டதும் தெரிஞ்சுடுச்சா?”

அவன் வேன் சாவியைக் கையில் எடுத்தான்.

“வீட்டுக்குப் போறதை அப்புறம் பாக்கலாம். வேனை எடு. முகாமுக்குப் போகணும்.”

அவள் மைக்கில் கூப்பிட்டாள். முகாமில் பதினொரு பேர் கட்டுண்டு கிடக்கிறார்கள், சங்கிலி அறுக்க ஆள் வேண்டும், அவரவர் வீட்டுக்காரர்கள் வாருங்கள் என்றாள். சுவாமேயில் இரும்பு அறுக்க ரம்பம் இல்லாதவன் கிடையாது. கூட்டம் நகர்ந்தது. முகாமுக்கு அல்ல, ஒபிரியின் காரைச் சுற்றி. காணிக்கையைத் திருப்பிக் கேட்டு நீண்ட வரிசை நின்றது. ஒழுங்கான வரிசை. தள்ளுமுள்ளு இல்லை. முந்தி வந்தவனுக்குப் பின்னால்தான் அடுத்தவன் நின்றான். வெல்டரும் நின்றான்.

பொன்சுவின் வேனில் ஏறியவர்கள் கொனாடு, டாங்கோ, நான், அசிபேயின் மனைவி, கியர்பாக்ஸ் பெரியவர். அப்புறம் கணவர்கள், நான்கு பேர்.

முகாமில் காவலுக்கு இருந்தவன் வேனைக் கண்டதும் புதரில் மறைந்தான். மாமரத்தடியில் பதினொரு எஞ்சின் பிளாக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். சிலர் எங்களைப் பார்த்ததும் மண்டியிட்டுப் பேய் போய்விட்டது, போய்விட்டது என்று சொல்லத் தொடங்கினார்கள். நாங்கள் சோதிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்தார்கள். பெரியவர் ரம்பத்தோடு முதல் சங்கிலியருகே போனார். அறுக்க உட்கார்ந்தார். கடைசிச் சங்கிலி அறுபட இருட்டிவிட்டது. நான்கு பெண்கள் கணவனோடு போனார்கள். ஏழு பேர் கொனாடுவோடு வந்தார்கள். அவள் என் வார்ப்புக் கொட்டகையில் பாய் விரித்தாள். பொன்சு வாசலிலேயே வேனுக்குள் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

இப்போது சுவாமேயில் யாரைக் கேட்டாலும் ஒபிரி எங்களை ஏமாற்றிவிட்டான் என்கிறார்கள். அவன் மூடி கேட்டான், பணம் கேட்டான், சரிதான். மனைவியை அவன் வந்து வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போகவில்லை. நீங்கள்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தீர்கள். அதற்கு எந்த வெயிட்டின் மேல் பழி போடப்போகிறீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். வரிசையில் நின்றுகொண்டே யோசிக்கலாம்.